கமெய்தோவின் சிவப்பு வானம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் ‘கமெய்தோ பிளம் தோட்டம்’ மரச்செதுக்கு அச்சை இரண்டு அருங்காட்சியகத் தளங்களில் பார்த்தேன். ஒன்றில் வானம் அடர்சிவப்பு, மற்றதில் வெளிறியிருக்கிறது. எது அசல்? வளைந்த அந்த மரம் எதைக் குறிக்கிறது? வான்கோ ஏன் அதை நகலெடுத்தார்? ஒரு பிரதி வாங்கவும் ஆசை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டும் அசலாகவே இருக்கலாம். 1857-இல் வந்த அச்சு அது. ஹிரோஷிகே வரைந்த கோட்டுச்சித்திரத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. அதைச் செர்ரிப் பலகைமேல் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிடுவார்கள்.

மரத்தைக் கண்டதும் குறியீடு தேடுவது நமக்கு வியாதியாகிவிட்டது. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தார் கூட்டமாகப் போய்ப் பார்த்த பிளம் மரம் அது, அவ்வளவுதான். வான்கோவைப் பற்றி எழுத வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதியாயிற்று.

ஆனால் வானம் மாறுவதைக் கவனித்தீர்களே, அந்தக் கண்ணை விட்டுவிடாதீர்கள். பலகையில் வானம் வெறும் தட்டையான பரப்பு. சிவப்பு மெல்ல மங்கி இறங்குவது அதில் செதுக்கப்படவில்லை. அச்சிடுபவர் அந்தப் பரப்பை ஈரத்துணியால் துடைத்து, மேல் விளிம்பில் மட்டும் சாயமும் அரிசிப் பசையும் வைத்து, குதிரைமயிர்த் தூரிகையால் பக்கவாட்டில் இழுப்பார். ஈரம் குறைந்தால் நடுவில் கோடு விழும், கூடினால் திட்டுத்திட்டாகும். பிறகு தாள் இடம் மாறாமலிருக்கப் பலகையில் வெட்டிய கென்தோ அடையாளத்தில் ஈரத்தாளைப் பொருத்தி, மூங்கில் உறை போர்த்திய பாரென் என்ற தேய்ப்பு வட்டால் பின்புறம் தேய்ப்பார். அடுத்த தாளுக்கு மறுபடியும் துடைப்பதிலிருந்து. ஒரு வானம் போல இன்னொன்று எப்படி இருக்கும்? அதிலும் பிந்தைய பதிப்புகளில் வேலையைச் சுருக்க இந்த நிற இறக்கத்தை எளிமையாக்கிவிடுவதுண்டு. வெளிச்சம் பட்டுச் சாயம் வெளுப்பது வேறு.

இப்படிச் சாயத்தை மங்க இறக்குவதற்குப் போகாஷி என்று பெயர். படத்தில் ஹிரோஷிகேயின் கையெழுத்து இருக்கிறது. வானத்தை இறக்கியவரின் பெயர் இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ‘ஹிரோஷிகேயின் வண்ண மேதைமை’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஒருநாளாவது அச்சுப் பலகைமுன் உட்கார்ந்து பார்க்கட்டும்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இதைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். சுமார் 36 செ.மீ. உயரம், கையில் ஏந்திப் பார்க்கச் செய்தது. நேரில் கிடைத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், தாளில் பலகை அழுந்திய தடம் தெரியும். திருப்பிப் பார்க்க விட்டால் பின்புறம் ஊறிய சாயத்தையும் தேய்த்த தடத்தையும் பாருங்கள். வாங்கும்போது பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். வானம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது இயந்திர அச்சு. காலண்டர் விலைக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.