ரோக் ஆடுபவர்களுக்கு: சண்டைத் தந்திரங்கள் பற்றிய கேள்வி பதில்

வடசென்னையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை-பகடை விளையாட்டை ஆடும் நண்பர்கள் ரோக், அதாவது ஒளிந்து தாக்கும் திருடன் கேரக்டரின் சண்டை பற்றி நிறையக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். விதிகள் ஐந்தாம் பதிப்பு. 2014 புத்தகமும் 2024 புத்தகமும் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களின் ஏரியா பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று, பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில். ஃபைட்டர் பல அடி அடிப்பார். ரோக்குக்கு ஒரு டர்னில் (தன் முறை வரும்போது) ஒரு நல்ல அடி போதும், அதில் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதத்துக்கான டைஸ் சேர்ந்துவிட வேண்டும். நடை, போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு சின்னச் செயல்), ரியாக்‌ஷன் (மற்றவர் செய்கைக்கு உடனே காட்டும் எதிர்வினை), நிற்கிற இடம், பையில் இருக்கிற பொருள் என்று உங்களிடம் உள்ள மற்றதெல்லாம் அந்த ஒரு அடியை ஏற்பாடு செய்வதற்குத்தான்.

பெரம்பூர்: அக்கா, என் ரோக் மூன்றாம் லெவல். ஒரே அடி, அது தவறினால் அந்த டர்னே போச்சு. என்ன செய்யலாம்?

இரண்டு கையிலும் லைட் (எடை குறைந்த) ஆயுதம் பிடியுங்கள். ஒரு அடி படுவதற்கு நூற்றுக்கு 60 வாய்ப்பு என்றால், இரண்டில் ஒன்றாவது படுவதற்கு 84. முதல் அடி பட்டுவிட்டால் ஸ்னீக் அட்டாக்கை அதிலேயே போட்டுவிடலாம். தவறினால் இரண்டாவது கத்தி இருக்கிறது. 2014 விதியில் இதற்குப் போனஸ் ஆக்‌ஷன் செலவாகும், ஓடி ஒளியவோ விலகவோ முடியாது. அதனால் திரும்ப அடி வாங்கினாலும் தாங்கும் டர்னில் மட்டும் செய்யுங்கள். 2024 விதியில் டேகருக்கு நிக் என்ற சிறப்பு உண்டு. இரண்டாவது அடி அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே அடங்கிவிடும், போனஸ் ஆக்‌ஷன் மிச்சம். ஒரு கையில் ஷார்ட்ஸ்வேர்டு, மறு கையில் டேகர் என்பது இப்போதைய ரோக்குக்கு மிக நல்ல ஜோடி. ஷார்ட்ஸ்வேர்டின் வெக்ஸ் சிறப்பால், அது பட்ட எதிரி மேல் உங்கள் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) கிடைக்கும்.

அசையாமல் நிற்க முடிகிற டர்னில் ஸ்டெடி எய்ம் இருக்கிறது. போனஸ் ஆக்‌ஷன் கொடுத்தால் அட்வான்டேஜ், ஆனால் அந்த டர்னில் நடக்கவே கூடாது. வில் ஆடுபவருக்குப் பொருந்தும்.

வண்ணாரப்பேட்டை: ஸ்னீக் அட்டாக் டர்னுக்கு ஒரு முறையா, ரவுண்டுக்கு ஒரு முறையா? எங்கள் டேபிளில் இதற்கே சண்டை.

டர்னுக்கு ஒரு முறை. ரவுண்ட் என்பது எல்லாரும் ஆடி முடிக்கும் ஆறு விநாடி. டர்ன் அதற்குள் ஒவ்வொருவருக்கும் வருவது. அடுத்தவருடைய டர்னில் உங்கள் ரியாக்‌ஷனால் ஒரு அடி அடித்தால், அதிலும் ஸ்னீக் அட்டாக் சேரும். ஐந்தாம் லெவலில் அது மூன்று டி6 (ஆறு முகப் பகடை), சராசரி 10.5. ஒரே ரவுண்டில் இருமுறை விழுந்தால் ரோக்கின் கணக்கே மாறிவிடும். பலர் இதைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் ஆடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ரியாக்‌ஷன் அடி எங்கிருந்து வரும்? எளிமையானது, எதிரி உங்களை விட்டு நகரும்போது கிடைக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக். அதற்கு எதிரி நகர வேண்டும் என்று நினைக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். எதிரி வில்லாளிக்குப் பக்கத்தில் நின்றால் அவன் விலகத்தான் பார்ப்பான். அடுத்தது சென்டினல் ஃபீட் (கேரக்டருக்கு எடுக்கும் ஒரு சிறப்புத் திறமை). பக்கத்தில் இருக்கும் எதிரி உங்கள் நண்பனை அடித்தால் நீங்கள் அவனை அடிக்கலாம். மூன்றாவது, குழுவில் பேட்டில் மாஸ்டர் ஃபைட்டர் இருந்தால் அவரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் மூலம் தன் அடி ஒன்றை விட்டுக்கொடுத்து உங்களை அடிக்கச் சொல்லுவார். அவருடைய ஒரு அடியைவிட உங்களுடையது பெரிது, அதனால் மொத்தக் குழுவுக்கும் லாபம்.

ஒரு எச்சரிக்கை: ஐந்தாம் லெவலில் வரும் அன்கேனி டாட்ஜ், ஒரு அடியின் சேதத்தைப் பாதியாக்குவது, அதே ரியாக்‌ஷனைத்தான் தின்னும். ரவுண்டுக்கு ரியாக்‌ஷன் ஒன்றுதான். ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பாதிக்குக் கீழே போனால் நான் அடியை விட்டுத் தற்காப்புக்கு வைத்துக்கொள்வேன்.

காசிமேடு: எங்கள் குடும்பம் கடலுக்குப் போகிற குடும்பம். என் ரோக்கும் மீனவன், வீச்சு வலை வைத்திருக்கிறான். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) “வலை வேஸ்ட்” என்கிறார். நிஜமாகவே வேஸ்ட்டா?

2014 புத்தகத்தை வைத்துச் சொல்கிறார் என்றால் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அங்கே வலை ஒரு எறி ஆயுதம், சாதாரண எல்லை ஐந்து அடி. எதிரி ஐந்து அடிக்குள் இருந்தால் எறி ஆயுதத்துக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது), தள்ளி நின்றால் நீண்ட தூரம் என்று டிஸ்அட்வான்டேஜ். போதாததற்கு ரோக்குக்கு அதில் பயிற்சியும் இல்லை. ஒளிந்திருந்து வீசினால் அட்வான்டேஜ் வந்து அதைச் சமன் செய்யும், அவ்வளவுதான்.

2024 புத்தகத்தில் வலை உயிர்பெற்றுவிட்டது. அட்டாக் ஆக்‌ஷனில் ஒரு அடிக்குப் பதிலாக, 15 அடிக்குள் இருக்கும் ஒருவர் மேல் வீசலாம். நீங்கள் டி20 உருட்ட வேண்டியதில்லை, எதிரிதான் டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் உருட்டல்) போட வேண்டும். எட்டோடு உங்கள் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையரும் ப்ரொஃபிஷியன்சி போனஸும் (பயிற்சிக்கான கூடுதல் எண்) சேர்ந்ததுதான் அவன் தாண்ட வேண்டிய எண். மாட்டினால் ரெஸ்ட்ரெயின்ட்: நகர முடியாது, அவன் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ், அவன் மேல் விழும் அடிக்கெல்லாம் அட்வான்டேஜ். வலையை அறுக்கப் பார்த்தால் அவனுடைய ஆக்‌ஷன் வீண். அறுக்காமல் விட்டால் உங்கள் மொத்தக் குழுவும் அவனை வசதியாக அடிக்கும். ஹியூஜ் அளவோ அதைவிடப் பெரிதோ ஆன எதிரிகளிடம் மட்டும் இது எடுபடாது.

வலை வீசிய டர்னில் நீங்களே குத்த முடியாது, அதுதான் விலை. ஆனால் மேலே சொன்ன ரியாக்‌ஷன் அடி அப்படியே இருக்கிறது. அவனை இன்னொருவர் டர்னில் உங்களால் குத்த முடிந்தால் அட்வான்டேஜ் தயாராக இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பறக்கிற எதிரி. ரெஸ்ட்ரெயின்ட் ஆனவரின் வேகம் பூஜ்யம். பறப்பவரின் வேகம் பூஜ்யமானால், ஹோவர் (அந்தரத்தில் நிற்கும்) திறமை இல்லையென்றால், கீழே விழுவார். பத்து அடிக்கு ஒரு டி6 சேதம், கூடவே ப்ரோன், அதாவது தரையில் கிடக்கும் நிலை. எழுந்து நிற்கப் பாதி வேகம் செலவாகும், வேகமே இல்லாதவர் எழவும் முடியாது. தலைக்கு மேல் பத்து அடியில் வட்டமடிக்கும் ஹார்ப்பி என்ற பறக்கும் அரக்கியை ஒரு வலையால் தரையோடு கட்டிப் போடலாம். உங்கள் டிஎம்மிடம் 2024 விதியை இந்த ஒரு பொருளுக்கு மட்டுமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். மீனவ ரோக்கின் கையில் வலை எடுபட வேண்டும்.

வியாசர்பாடி: எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பிக்கும் ஸ்னீக் அட்டாக் போடலாமா?

போடலாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அன்டெட் மேல் அது எடுபடாது, அந்த ஞாபகத்தில்தான் சிலர் இன்னும் மறுக்கிறார்கள்.

ராயபுரம்: வெட்டவெளியில் சண்டை. ஒளிய மரமில்லை, சுவரில்லை. ரோக் என்ன செய்வான்?

ஒளிவது ஒரு வழிதான். உங்கள் நண்பர் ஒருவர் எதிரிக்கு ஐந்து அடிக்குள் நின்றாலே, உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாதவரை ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். அதனால் வெட்டவெளியில் முதல் கேள்வி “எங்கே ஒளிவது” என்று இருக்கக்கூடாது, “நம் ஆள் யார் பக்கத்தில் நிற்கிறார்” என்று இருக்க வேண்டும். அவர் அடிக்கிற ஆளையே நீங்களும் அடியுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. மந்திரவாதி ஃபாக் க்ளவுட் என்ற பனிமூட்ட மந்திரம் போட்டு, நீங்களும் எதிரியும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போனால், பார்க்காதவனை அடிப்பதன் டிஸ்அட்வான்டேஜும், பார்க்காதவனால் அடிக்கப்படுபவனுக்கு எதிரான அட்வான்டேஜும் ஒன்றையொன்று அழித்துவிடும். அப்புறம் பக்கத்தில் நண்பர் இருந்தால் ஸ்னீக் அட்டாக் உண்டு. நடுவெளியில் நாமே மறைவை உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் விஷயம்.

தனி ஆளாக மாட்டினால், ரோக்கில் ஸ்வாஷ்பக்ளர்தான் அதற்கென்றே செய்த வகை. அவர் அடித்த எதிரி அந்த டர்னில் அவர் மேல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் செய்ய முடியாது. பக்கத்தில் வேறு யாரும் இல்லாமல் ஒற்றைக்கு ஒற்றையாக நின்றாலும் அவருக்கு ஸ்னீக் அட்டாக் விழும்.

எம்.கே.பி. நகர்: முதல் தடவை ஆடப் போகிறேன். கையில் கொஞ்சம் கோல்டுதான். என்ன வாங்கலாம் அக்கா?

வாங்குவதற்கு முன் தொடக்கத்தில் கிடைக்கும் பர்க்ளர்ஸ் பேக்கைத் திறந்து பாருங்கள். 2014 புத்தகப்படி 1,000 சிறு இரும்புக் குண்டுகள், மணி, நூல், கடப்பாரை, இரண்டு குப்பி எண்ணெய், 50 அடி கயிறு எல்லாம் அதிலேயே இருக்கும். குண்டுகளைக் கொட்டினால் பத்தடிக்குப் பத்தடி இடம் வழுக்கும், அதற்குள் வருபவர் டிசி 10 (தொட வேண்டிய எண் பத்து) டெக்ஸ்டெரிட்டி சேவ் போட வேண்டும், இல்லையென்றால் விழுவார். விழுந்தவரை அருகில் நின்று அடித்தால் அட்வான்டேஜ். அம்பு எய்பவர் இதைச் செய்யாதீர்கள், ப்ரோனாகக் கிடப்பவரைத் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ்.

எண்ணெயை எதிரி மேல் ஊற்றிவிட்டு, உங்கள் மந்திரவாதியை நெருப்புப் போடச் சொல்லுங்கள், கூடுதலாக ஐந்து சேதம். முதல் லெவலில் அது பெரிய தொகை. நூலையும் மணியையும் இரவு தங்கும் இடத்தில் கட்டுங்கள். மிச்சமிருக்கும் ஒரு கோல்டுக்கு ஒரு பை கேல்ட்ராப்ஸ், அதாவது முட்குண்டு. மூன்றாம் லெவலில் தீஃப் வகை எடுத்தால் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் மூலம் இவற்றைப் போனஸ் ஆக்‌ஷனில் பயன்படுத்தலாம். பொருள் வைத்து விளையாட ஆசை உள்ளவருக்கு வேறு வகை வேண்டாம் என்பேன்.

புளியந்தோப்பு: சண்டை நடுவில் எதிரி மந்திரவாதியின் பையைத் திருடினால் அவன் வாய் அடைபடுமா?

பாதி அடைபடும். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். அவை இருக்கும் பையும் மந்திரக்கோலும் கையைவிட்டுப் போனால் அது வராது. ஆனால் மிஸ்டி ஸ்டெப் (சட்டென இடம் மாறும் மந்திரம்) வாய்ச்சொல் மட்டும், அதைத் தடுக்க முடியாது. ஷீல்டு என்ற தற்காப்பு மந்திரத்துக்கும் பொருள் வேண்டாம். சில அரக்கர்களின் பிறவி மந்திரத்துக்கும் வேண்டாம். ஆர்க்கேன் ட்ரிக்ஸ்டர் என்ற ரோக் வகை தன் கண்ணுக்குத் தெரியாத மந்திரக் கையான மேஜ் ஹேண்டால் இன்னொருவர் பையிலிருந்து பொருளை எடுக்கலாம், இவருடைய ஸ்லைட் ஆஃப் ஹேண்டுக்கு (கைச்சாமர்த்தியம்) எதிராக அவர் கவனம். பையையே கழற்றுவது டிஎம் முடிவு. என் கருத்து: சண்டை ஆரம்பிக்கும் முன், அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சண்டையில் ஒரு ஆக்‌ஷனைத் திருட்டுக்குச் செலவழிப்பதைவிட அவனைக் குத்துவது பெரும்பாலும் மேல்.

திருவொற்றியூர்: நான் டிஎம். என் டேபிளில் ரோக் ஆடுபவர் ஒவ்வொரு ரவுண்டும் அதே பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து எழுந்து எய்கிறார். விதிப்படி சரி, ஆனால் எல்லாருக்கும் சலிக்கிறது.

அவரைத் தண்டிக்காதீர்கள், அது அவருடைய வேலை. எதிரிகளுக்கு மூளை கொடுங்கள். இரண்டாம் முறை எழும்போதே ஒருவன் பீப்பாயைச் சுற்றி வந்து பார்ப்பான், கண்ணெதிரே நிற்பவர் ஒளிந்திருக்க முடியாது. இன்னொருவன் “அவன் தலை தெரிந்ததும் எய்வேன்” என்று ரெடி ஆக்‌ஷன் வைப்பான்.

அதைவிட முக்கியம் மேப். ஒரு பீப்பாய் வைத்தால் ஒரு பீப்பாயைத்தான் பயன்படுத்துவார். நம் ஊரிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. விடியற்காலையில் காசிமேட்டு ஏலக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஈரத் தரை, ஐஸ் கட்டி, அடுக்கிய கூடைகள், நடுவே ஜனம், பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் படகுகள். அதை அப்படியே உங்கள் கற்பனைத் துறைமுகத்தில் வையுங்கள். ஈரத் தரைக்கு அந்த இரும்புக் குண்டின் டிசி 10. கூடை அடுக்கு ஒரு மறைப்பு, தள்ளினால் சரியும். படகிலிருந்து படகுக்குத் தாவ அக்ரோபேட்டிக்ஸ். ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று உயரம், இரண்டு வெளிச்சம், அசைகிற பொருள் ஒன்று, இவை இருந்தால் ரோக் தானாக நகர ஆரம்பிப்பார்.

எண்ணூர்: புதுசாக ஏதாவது செய்யப் பார்த்தால் எங்கள் டிஎம் “விதியில் இல்லை” என்று மறுக்கிறார். எப்படிக் கேட்பது?

கேட்கிற வரிசையை மாற்றுங்கள். பலர் செய்கையை முதலில் சொல்கிறார்கள்: “கயிற்றை அறுக்கிறேன்.” டிஎம்முக்கு எதற்கென்று புரியாது, சந்தேகம் வரும். முதலில் நோக்கம், அப்புறம் வழி, கடைசியில் விலை. “மேலே தொங்குகிற சரக்கு மூட்டை அந்த இருவர் மேல் விழ வேண்டும். கயிற்றை அறுக்கப் போகிறேன். என் ஆக்‌ஷன் இதற்கே போகட்டும், ஸ்னீக் அட்டாக் வேண்டாம்.” இப்படிச் சொன்னால் மறுப்பது கடினம். கேரமில் நேர் வழி அடைத்திருக்கும்போது கட்டையில் மோத வைத்துக் காயை எடுப்போமே, அதுபோல டிஎம்முக்கு வழி தெரிய வேண்டும்.

டிஎம்முக்கு எண் தேவைப்பட்டால், 2014 டிஎம் கையேட்டில் அவசரச் சேதத்துக்கு அளவு இருக்கிறது: புத்தக அலமாரி மேலே விழுந்தால் ஒரு டி10, நெருப்புக் குழியில் இடறினால் இரண்டு டி10, இடிந்து விழும் சுரங்கத்தின் கற்கள் நான்கு டி10. மூட்டை ஒன்றோ இரண்டோ. அடுத்த சண்டையிலும் அதே மூட்டையைக் கேட்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை: இதேபோன்ற இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலும் இதெல்லாம் செல்லுமா?

எண்ணம் செல்லும், விதி வேறு. அங்கே நண்பர் பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது. எதிரியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நீங்களும் நண்பரும் நின்று அவனை ஆஃப்-கார்டு (தற்காப்பு தளர்ந்த) நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது ஃபெயின்ட் (பாசாங்கு அடி) செய்ய வேண்டும். டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன், இரண்டாவது அடிக்கே ஐந்து குறையும். அதனால் மூன்றையும் அடிக்கவே செலவழிக்காதீர்கள். நகர்வதற்கு ஒன்று, ஏமாற்ற ஒன்று, அடிக்க ஒன்று.

தண்டையார்பேட்டை: நான் அடித்துவிட்டு ஓடி ஒளிகிறேன். முன்னால் நிற்கும் பாலடின் (புனிதப் போர்வீரன்) ஆடும் நண்பனுக்குக் கோபம், எல்லா அடியும் அவனுக்கே விழுகிறதாம்.

அவர் கோபம் நியாயம். ஐந்து பேர் ஒருவரைச் சூழ்ந்திருக்கும்போது நீங்கள் 60 அடி தள்ளி நிற்பது உங்களுக்கு மட்டும்தான் நல்லது. அந்த ஐந்தில் ஒருவனை உங்கள் பக்கம் இழுங்கள். அடித்துவிட்டு டிஸ்என்கேஜ் (ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வாங்காமல் விலகுவது) செய்து, அவன் துரத்தி வந்தால் எட்டுகிற தூரத்தில் நில்லுங்கள். அவன் பாலடினை விட்டு நகர்ந்தால் பாலடினுக்கு ஒரு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடைக்கும். உங்களை எட்டி அடித்தால் அன்கேனி டாட்ஜில் பாதி போகும். நடுவில் குண்டுகளையும் கொட்டி வைத்திருந்தால் வரும் வழியிலேயே விழுவான். ஒளிவதைச் சண்டையின் முதல் ரவுண்டுக்கும், உங்கள் ஹிட் பாயின்ட் தீரும் ரவுண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டேபிளில் உட்கார்ந்ததும், டைஸ் எடுக்கும் முன், அவரிடம் “எவனை இழுக்கட்டும்?” என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.