போனை யார் எடுப்பது? பல் டாக்டர்களுக்குச் சில பதில்கள்

கே: என் அசிஸ்டன்ட் ஆறு வருஷமாக இருக்கிறார், நல்ல கைப்பழக்கம். ஸ்கேலிங்கை (பல்லில் படிந்த காரையை எடுப்பது) அவரிடமே விட்டுவிடலாமா? (திருமங்கலம்)

ப: கூடாது. சட்டப்படி அது உங்கள் வேலை, இல்லையென்றால் பதிவு பெற்ற ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்வதற்கென்றே படித்தவர்) வேலை. சக்‌ஷன் பிடிக்கட்டும், ட்ரே அடுக்கட்டும், பல் அச்செடுக்க அல்ஜினேட் மாவு கலக்கட்டும்.

கே: காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து வரை எல்லாம் நானேதான். இரண்டாவது கிளை திறக்க ஆசை. என்ன செய்யலாம்? (அண்ணா நகர்)

ப: எத்தனை சேர், எத்தனை ஸ்டாஃப், எத்தனை பேஷன்ட், எதுவும் எழுதவில்லை. ‘பல் வலிக்குது’ என்று வருகிறவரிடம் எந்தப் பல் என்று கேட்க மாட்டீர்களா? போகட்டும், ‘நானேதான்’ ஒன்றே போதும். இந்த வியாதியை மதுரையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒரு நண்பரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். ரூட் கெனால் நடுவில், பல்லைச் சுற்றி மாட்டிய ரப்பர் டேமோடு (ரப்பர் திரை) வாயைத் திறந்தபடி பேஷன்ட் படுத்திருக்கிறார். போன் அடிக்கிறது. டாக்டர் க்ளவுஸைக் கழற்றிவிட்டு எடுத்து, ‘ஞாயிற்றுக்கிழமை லீவும்மா’ என்கிறார். மறுபடி புது க்ளவுஸ். கொஞ்ச நேரத்தில் ஜிபே பணம் வந்ததா என்று பார்க்க இன்னொரு தடவை. வெளியே ரிசப்ஷன் பெண் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தது. டாக்டரைக் கேட்டால், ‘அதுக்கு போன்ல பேச வராது சார்’ என்கிறார். சொல்லிக்கொடுத்தால்தானே வரும்?

ஒரு நாளைக்கு இருபது போன், ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் ஒரு மணி நேரம் போச்சு. அதில் ஒரு கிரவுன் ப்ரெப் (மூடி மாட்டப் பல்லைச் செதுக்குவது) முடித்திருக்கலாம். போனில் கேட்பதெல்லாம் பத்துக் கேள்விதான். பதில்களைத் தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். முகம் வீங்கியிருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை, விழுங்க முடியவில்லை என்றால் மட்டும் உங்களைக் கூப்பிடட்டும். மற்றதெல்லாம் நோட்டில். சாயங்காலம் நோட்டைப் பாருங்கள். முதல் வாரம் தப்பு வரும். போனைப் பிடுங்காமல் திருத்துங்கள். மூன்று மாதம் போனைத் தொடாமல் இருக்க முடிந்தால், அப்புறம் கிளையைப் பற்றி எழுதுங்கள்.

கே: ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின்) பொறுப்பை முழுசாக அசிஸ்டன்டிடம் கொடுத்துவிட்டேன். சரிதானே? (மேலூர்)

ப: கொடுத்தது சரி, ‘முழுசாக’தான் உதைக்கிறது. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், கருவியைப் பவுச்சில் (உறையில்) போட்டால் சூடு ஏறியதிலிருந்து அரை மணி நேரம். ஒவ்வொரு லோடும் நோட்டில் ஏறணும். ஒட்டுகிற இண்டிகேட்டர் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம், கிருமி செத்தது என்று இல்லை. அதற்கு வாரம் ஒரு ஸ்போர் டெஸ்ட் (கிருமி வித்தை உள்ளே வைத்து, செத்ததா என்று பார்ப்பது). ரிசல்டை நீங்களே பாருங்கள்.

கே: கிரவுன் செய்து தரும் லேபிலிருந்து ஷேடு (பல் நிறம்) மாறி மாறி வருகிறது. லேபை மாற்றலாமா? (உசிலம்பட்டி)

ப: முதலில் நீங்கள் லேபுக்கு அனுப்பும் ஸ்லிப்பைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஏ2 ஷேடு என்கிறார், ஸ்லிப்பில் இன்னொருவர் ஏ3 என்று எழுதுகிறார். லேப் என்ன செய்யும்? ஷேடு பார்ப்பது நீங்கள், பகல் வெளிச்சத்தில், பல் காய்வதற்கு முன். ஸ்லிப் எழுதுவது, அனுப்புவது, தேதி கேட்டு நச்சரிப்பது எல்லாம் ஒரே ஆள். அதற்கும் ஒரு நோட்டு.

கே: ஊசியை அப்புறப்படுத்துவது யார் வேலை? (வில்லாபுரம்)

ப: போட்டவர் வேலை. இரண்டு கையால் மூடி மாட்டாமல், நேராக ஊசிகளுக்கான வெள்ளை டப்பாவுக்கு.

கே: சித்திரைத் திருவிழா சமயத்தில் அப்பாயின்ட்மென்டை ரிசப்ஷனிஸ்டிடம் விடலாமா? (செல்லூர்)

ப: தாராளமாக. அழகர் ஆற்றில் இறங்கும் நாளை மட்டும் டைரியில் இப்போதே அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் கோரிப்பாளையம் தாண்டி எந்தப் பேஷன்டும் வரப்போவதில்லை. ரிசப்ஷனிஸ்டும்தான்.