பம்பில் கை வைக்கும் முன்

கேள்வி: பிசானப் பருவ நெல் அறுவடையோடு ஷெட்டில் நிறுத்திய மூன்று சிலிண்டர் டிராக்டர். கார் பருவ உழவுக்கு எடுக்க டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. சைலன்சரில் துளிப் புகையும் இல்லை. டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? (அம்பாசமுத்திரம் விவசாயி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை.

முதலில், இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் நாபைப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கேபிள் துருப்பிடித்து இறுகிவிடும். நாப் உள்ளே போயிருக்கும், பம்பில் உள்ள லீவர் மட்டும் ஸ்டாப்பிலேயே நிற்கும். அதைக் கையால் திருப்பிவிட்டாலே வண்டி பிடிப்பதுண்டு.

அது சரியாக இருந்தால், ஃபில்டர் மாற்றும்போது புகுந்த காற்றுதான் காரணம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். பைப்பில் காற்று இருந்தால் பம்ப் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறாது.

டேங்க் டேப்பைத் திறந்து, முதல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) கைலீவரை அடியுங்கள். லீவர் வேலை செய்யாமல் தொளதொளவென்று ஆடினால், அந்தப் பம்பை இயக்கும் கேம் உச்சியில் நிற்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி நின்று டீசல் தெளிவாக வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு டீசல் பம்பின் ஏர் ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பக்க நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க வைத்து, பத்து பதினைந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். டீசல் விட்டு விட்டுத் துள்ளியதும் இறுக்கிவிடலாம். அப்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்; அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லையா? டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே எங்கோ காற்றை இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் இன்ஜின் சுற்றும்போது வெளியே சொட்டாது. அதனால்தான் பலரும் ஏமாந்து பம்பைக் கழற்றுகிறார்கள். பைப் இணைப்புகளில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் புதிதாக மாற்றுங்கள், விலை அற்பம். டீசலின் அழுக்கும் தண்ணீரும் தங்கும் செடிமென்ட் கிண்ணத்தின் ரப்பரையும் பாருங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி போய்விட்டதா? (சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரியோ டெர்மினலோதான். வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்தையும் சுரண்டி இறுக்குங்கள். பாதி வண்டிகளில் கோளாறு அங்கேதான். முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். வெளிச்சம் மங்கவே இல்லை என்றால் செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.