மேடை கேள்வி–பதில்: டெஜாசேயின் வாலிப வேடங்கள்

கே: பிரெஞ்சு நகைச்சுவை நடிகை விர்ஜினி டெஜாசே அறுபது வயதிலும் வாலிபனாக நடித்தாராமே, மெய்யா? (வாசகி, வெள்ளவத்தை)

ப: மெய்தான். பிறந்தது 1798 ஓகஸ்ட் 30, பரிஸில். 1859 செப்டம்பரில் தன் பெயரிலேயே ஒரு நாடகசாலையைத் திறந்து, முதல் நாடகத்தில், பிரெஞ்சு மேடையின் பேர்பெற்ற குறும்புக்கார வேலைக்காரனான ஃபிகாரோவாக, வாலிப வயதில் வந்தார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதை எழுதிய சார்டூவின் முந்திய நாடகம் 1854இல் ஓடெயோன் அரங்கில் படுதோல்வி. பிற்காலத்தில் பெரும் நடிகை சாரா பேர்ணார்டுக்கு 'டொஸ்கா' நாடகம் எழுதப்போகிறவரை அன்று தூக்கிவிட்டது இந்தக் கிழவிதான்.

அதற்கு வெகுமுன்பே, 1830இல் பள்ளிக்கூடப் பையன் நெப்போலியனாகவும் 1839இல் வாலிபப் பிரபு ரிஷ்லியூவாகவும் நடித்துப் பெயரெடுத்திருந்தார். மெலிந்த உடம்பு கைகொடுத்தது. ஆனால் பாதிப் புகழ் அந்த நாடக வகைக்கே சேரவேண்டும். வோட்வீல் நாடகத்தில் வசனத்துக்கு நடுவே ஊரறிந்த மெட்டில் புதுச் சொற்களைப் போட்டுப் பாடுவார்கள். மெட்டு பழகியது என்பதால் சபையின் காது முழுக்கச் சொல்லில் இருக்கும். குத்தல் ஒன்றும் தவறாது. வர்ணமெட்டில் வளர்ந்த நம் இசை நாடக ரசிகருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கே: எங்கள் பாடசாலை நகைச்சுவை நாடகத்தில் ஒரு மாணவி இளவரசனாக வருகிறாள். எதைக் கவனிக்க வேண்டும்? (ஆசிரியை, கொட்டாஞ்சேனை)

ப: மீசையை விட்டுவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் மேலுதடு வியர்த்து, மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் பசை இளகும். ஒரு மூலை கிளம்பினால் போதும், சபை அதையே பார்த்துக்கொண்டிருக்கும், வசனம் காற்றோடு போகும். தவிர, இப்படியான வேடத்தில் பெண்ணென்பதை மறைக்கவே தேவையில்லை. தெரிந்துகொண்டே அந்தத் துடுக்கை ரசிப்பதில்தான் சிரிப்பு.

சப்பாத்தை முதல் ஒத்திகையிலேயே போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் மாட்டினால் நடை மாறி, பழகிய அடிக்கணக்கெல்லாம் பிழைக்கும். கோட்டுத் தோளில் அரை அங்குலப் பஞ்சு போதும்; கூடினால் கழுத்து புதைந்துவிடும். மார்பை பண்டேஜால் இறுக்கிக் கட்டாதீர்கள், விலா விரியாமல் பாட்டில் மூச்சு அறும். உடம்போடு நிற்கும் பனியனும் பொத்தான் போட்ட வேஸ்ட்கோட்டுமே போதும்.

குரலை வலிந்து தாழ்த்தினால் இரண்டாம் காட்சியில் தொண்டை கட்டும். அவளுடைய சுருதியிலேயே பேசட்டும். வாக்கிய முடிவை மட்டும் மேலே இழுக்காமல் வெட்டி நிறுத்தட்டும். சிரிப்பு எழும்போது அடுத்த வசனத்தைத் தொடங்கக்கூடாது. முழுதாக அடங்கும்வரை காத்திருப்பதும் பிழை, வேகம் செத்துவிடும். இறங்கத் தொடங்கும் கணத்தில் பிடிக்கவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஒத்திகைக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார்த்துங்கள்.

பாட்டுக்கு ஹார்மோனியம் மட்டும். சொல் வரும் இடத்தில் தபேலா வேண்டாம்.

கே: டெஜாசேயின் நாடகசாலை இன்னும் இருக்கிறதா? (வாசகர், தெஹிவளை)

ப: இருக்கிறது. 1862இல் பரிஸை இடித்துக் கட்டிய ஓஸ்மான் பிரபுவின் வீதித் திட்டம் அது நின்ற தெருவின் நாடகசாலைகளை வரிசையாக இடித்தபோது, இது எதிர்ப்பக்கத்தில் நின்றதால் தப்பியது. முகவரி 41, புல்வார் டு தாம்பிள். பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சொந்தக்காரர் இருந்தால் வேலை சுலபம்: கார் டு நோர் நிலையத்தில் 5ஆம் இலக்க மெத்ரோ ரயிலில் ஏறி, மூன்றாவது தரிப்பான றிப்பப்ளிக்கில் இறங்கினால் சிறு நடைதான்.