கன்னியும் கண்ணியும்

கேள்வி: கன்னிவெடிகளைக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்குகிறார்களாமே! விஞ்ஞானம் இப்படி வளர்ந்தால் போரால் நொந்த ஊர்களில் சீக்கிரமே அமைதி திரும்பிவிடும்தானே? (ஒரு வாசகர், விருத்தாசலம்)

பதில்: எலிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் ஒரு சுழி குறைகிறது. கன்னி என்றால் கல்யாணமாகாதவள். அவள் எதற்கய்யா வெடிக்கப் போகிறாள்? இந்த ஒரு தப்பைச் சிவப்பு மையால் திருத்தித் திருத்தியே என் கண்ணாடி தடித்துவிட்டது. முன்பு எங்களிடம் இருந்த பிழைதிருத்துநர் ஒருவர் இதைத் திருத்தவே மாட்டார். ஏன் என்று கேட்டால், “யாரும் கால் வைக்காத வரைக்கும் அது கன்னிதானே சார்?” என்பார். எனக்கு அன்றைக்கும் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் கடுப்பு உங்கள் மேல் விடிந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சுழிக் கண்ணி வேடனுக்குச் சுருக்கு. சங்கப் புலவனுக்குத் தலையில் சூடும் பூ. சித்தருக்கு இரண்டடிப் பாட்டு. பூவையும் பாட்டையும் தொலைத்துவிட்டுச் சுருக்கை மட்டும் வெடியோடு முடிந்து வைத்திருக்கிறோம். ஈழத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மிதித்தால் வெடிக்கும், அதனால் மிதிவெடி. அதன் பக்கத்திலேயே குடியிருந்தவர்களுக்குச் சுழி எண்ணவா நேரம்?

சரி, எலி. கன்னத்தில் பை வைத்த ஆப்பிரிக்கப் பெருச்சாளி வகை. தான்சானியாவில் பழக்கிக் கம்போடியாவுக்கு அனுப்பிய மகாவா என்ற எலி 71 வெடிகளைக் காட்டிக்கொடுத்தது. அது முகர்வது வெடிமருந்தை. துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் நின்று நேரத்தை வீணாக்காது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் மேலே ஏறி நடந்தாலும் வெடிக்காது. கூலி வாழைப்பழமும் கடலையும். 2020ல் பிரிட்டனில் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். சிபாரிசுக் கடிதம் இல்லாமல் விருது வாங்கிய ஒரு ஜீவனையாவது பார்த்தேன் என்று அன்று எழுதினேன். அதைப் படித்துக் கோபித்துக்கொண்ட கவிஞர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

எலி மோப்பம்தான் பிடிக்கும். தோண்டி எடுப்பது மனுஷர். கண்டி–யாழ்ப்பாணச் சாலையில் முகமாலை என்று ஓர் ஊர். 2000க்குப் பிறகு 2009 வரை போர்முனை. ராணுவமும் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். பல வெடிகளில் உலோகம் மிகக் கொஞ்சம் என்பதால் உலோகம் தேடும் கருவி சத்தமே போடாது. அங்கே விஞ்ஞானம் என்ன செய்தது தெரியுமா? தோட்டத்தில் சருகு வாருவோமே, இரும்புப் பல் வைத்த அந்தச் சாமானைக் கையில் கொடுத்தது. கவசமும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, வெயிலில் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வருகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். போரில் புருஷனைப் பறிகொடுத்தவர்களும் அதில் உண்டு. யார் புதைத்தது என்று பார்த்தா தோண்ட முடியும்? 2002ல் சண்டை நின்ற இடைவெளியில் தொடங்கிய வேலையை இலங்கை 2028 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு இருக்கிறது. சுத்தம் செய்த காணியில் உரியவர் கிணறு வெட்டிக் குடியேறினால்தான் நீங்கள் சொல்லும் அமைதி. அதற்குள் அரசு இலாகா ஏதாவது வந்து பலகை நட்டால் அதை எந்த எலியாலும் மோப்பம் பிடிக்க முடியாது.

‘இனிப் புதைப்பதில்லை’ என்று 1997ல் ஒட்டாவாவில் ஒப்பந்தம் போட்டார்கள். பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஐந்தும், ரஷ்யா பக்கத்தில் இருக்கும் பயத்தில், 2025ல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டன. இந்தியா கையெழுத்தே போடவில்லை என்பதால் விலகும் சிரமம் நமக்கு இல்லை. எலி பழக்குகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அடுத்த ஈட்டைப் பனி தாங்குகிற ஜாதியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.