சாம்பல் நிறத்தில் ஒரு கடல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். காசிமேட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவன் நான். ஊர் திருவொற்றியூர். மணலியில் ஒரு குடோனில் சரக்குக் கணக்கு எழுதுகிறேன். வயது 27.

படம் வரைவேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. எங்கள் தெருவில் சுவர் விளம்பரம் எழுத வருகிறவர் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்று பார்த்ததுதான் பாடம். அப்புறம் யூடியூப். வரைவது பெரும்பாலும் கடல். இரண்டு வருடமாக லீவு கிடைத்தால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். நாகப்பட்டினம், தனுஷ்கோடி, மணப்பாடு, போன மாதம் கோவா. வேலையை விட்டுவிட்டு கடற்கரை கடற்கரையாகப் போய் வரைந்துகொண்டே இருக்கலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. வெளிநாட்டில் அப்படி வாழ்கிற ஓவியர்களை இன்ஸ்டாகிராமில் பார்க்கிறேன். படம் விற்ற காசில் ஒரு பங்கைக் கடலைக் காப்பாற்றக் கொடுக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசைதான்.

ஆர்ட் காலேஜ் போகாதவன் என்கிற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய உறுத்தல், நான் வாங்குகிற அக்ரிலிக் பெயிண்ட்டே ஒரு பிளாஸ்டிக் என்று படித்தேன். கடலுக்காகப் படம் போட்டுவிட்டு பிரஷ் கழுவின தண்ணீரை அதே கடலுக்கு அனுப்பினால் என்ன நியாயம்? எங்கம்மா வேறு கேட்கிறார், “நீ படம் போட்டா கடல் சுத்தமாயிடுமா?” பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்று படங்களின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். முதலாவது கோவா. இரண்டாவது, வாயில் பிளாஸ்டிக் பையோடு ஆமை. மூன்றாவது எண்ணூரில் பிளைவுட் துண்டில் சும்மா வரைந்தது. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அப்படியே சொல்லுங்கள். என் பெயர் மட்டும் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

வேலை, காலேஜ், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் அந்த மூன்றாவது படம். ‘சும்மா வரைந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் இந்த ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூர் கழிமுகத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒருவர் கையால் துழாவி இறால் பிடிக்கிறார். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருக்கிறார். கனம் தாங்காமல் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீருக்கு நீங்கள் போட்டிருப்பது வெயில் பட்டும் மினுங்காத ஒரு சாம்பல், சிமென்ட் சட்டியைக் கழுவி ஊற்றின மாதிரி. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஒழுகி ஒழுகி வருடக்கணக்காகக் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு அது எந்த நிறம் என்று உடனே தெரிந்துவிடும். அந்தத் தாடையும் அந்தச் சாம்பலும் யூடியூபில் கிடைத்திருக்காது. அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

முதல் இரண்டு படங்களில் அந்தப் பார்வை இல்லை. மனசு கஷ்டப்படுவீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். கோவா படத்தில் இருக்கும் மயில்கழுத்து நிறத்தை நீங்கள் கோவாவில் பார்த்தீர்களா, போனில் பார்த்தீர்களா? தெளிந்த தண்ணீர் ஆழமில்லாமல் வெள்ளை மணல்மேல் கிடந்தால்தான் கடல் அப்படித் தெரியும். ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கரையில் அந்த நிறம் எளிதில் வராது. ஆமை விஷயமும் அப்படித்தான். நீங்கள் வரைந்திருப்பதன் ஓட்டில் பொன்னும் பழுப்புமாகக் கோலம் ஓடுகிறது, அது அழுங்காமை. நம் கரைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் முட்டையிட ஏறி வருவது பங்குனி ஆமை. அதன் ஓடு ஒரே சீராக மங்கின பச்சைச் சாம்பல். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். இழுவை வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த ஒன்றை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அதன் வாயில் பிளாஸ்டிக் பை இல்லை. நம் கரையில் ஆமை எதனால் சாகிறது என்பதை உங்கள் படம் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடை இருக்கும் 61 நாளும் அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. கரையேற்றிய படகின் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசை, அந்தச் சின்ன ஓட்டு உயிர்களை, சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் ஏற்றி, கடைசியில் பேரும் நம்பரும் எழுதுவார். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு பலகையில் கடல் வரையப் போகிறேன், நீலம் கொடுங்கள் என்று கேட்டேன். டப்பா மூடியில் கொஞ்சம் நீலம் ஊற்றினார். குச்சி நுனியால் ஒரு சொட்டுக் கறுப்பு தொட்டு வைத்தார். என்னைத் தளத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய் மூடியைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்து, “பாரு, ஒண்ணா இருக்குதா?” என்றார். இல்லை. ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்துக் கலக்கினார். மறுபடி பிடித்தார். இன்னும் இல்லை. கொஞ்சம் வெள்ளை, அப்புறம் இன்னும் ஒரு துளி கறுப்பு. நாலாவது தடவைக்கு மூடியில் இருந்ததும் கீழே இருந்ததும் ஒன்றாகிவிட்டன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள் ஒரு மேகம் வெயிலை மறைத்தது, தண்ணீர் நிறம் மாறிவிட்டது. “சரி, திருப்பிக் கலக்கு” என்று குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். எண்ணூரில் நீங்கள் செய்ததும் இதைத்தான்.

காலேஜ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ஆல்ஃப்ரட் வாலிஸ் என்று ஒருவர் இருந்தார். 1855-இல் பிறந்தவர். கப்பலில் வேலை பார்த்து, பிறகு செயின்ட் ஐவ்ஸ் என்ற துறைமுக ஊரில் கப்பல் பழைய சாமான் வாங்கி விற்றவர். 1922-இல் மனைவி இறந்த பிறகு, தனிமைக்குத் துணையாக, எழுபது வயதை ஒட்டி வரைய ஆரம்பித்தார். கேன்வாஸ் கிடையாது. மளிகைக் கடை அட்டைப்பெட்டியைக் கிழித்த கோணல்மாணல் துண்டுகள். பெயிண்ட், கப்பலுக்கு அடிப்பது. அட்டை எப்படிக் கோணியிருக்கிறதோ அப்படியே கடலும் கோணும். நீலம் அவரிடம் குறைவு. சாம்பல், வெள்ளை, கறுப்பு, ஒரு கரும்பச்சை, அவ்வளவுதான் அவர் கடல். 1928-இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரண்டு ஓவியர்கள் தெருவில் போகும்போது திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். முறையாகப் படித்த அந்த இரண்டு பேரும் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942-இல் ஆதரவற்றோர் விடுதியில்தான் அவர் இறந்தார். ஓவியத்தை நம்பி நாளைக்கே வேலையை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் ஒரு வருடம் குடோன் கணக்கை எழுதுங்கள்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உறுத்தல் சரியானது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம்தான். பிரஷ்ஷை நேராகக் குழாயில் பிடிக்காமல் முதலில் பழைய துணியில் நன்றாகத் துடையுங்கள், முக்கால்வாசி அதிலேயே போய்விடும். அலசின தண்ணீரை ஒரு பக்கெட்டில் சேர்த்து வையுங்கள். கலங்கல் தண்ணீர் தெளிய நம் வீடுகளில் படிகாரம் போடுவோமே, அதே படிகாரத்தோடு ஒரு சிட்டிகை சுண்ணாம்பும் போட்டால் பெயிண்ட் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். வடிகட்டி, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் சேர்த்துவிடலாம். வாலிஸ் மாதிரி படகுப் பெயிண்ட்டை எடுக்கலாமே என்று நினைத்தால் ஒன்று கவனியுங்கள். படகின் அடிப்பாகத்துக்கு அடிப்பது கொட்டலசு ஒட்டாமல் இருக்க விஷம் கலந்தது, பெரும்பாலும் செம்பு. முன்பு போட்ட வெள்ளீயக் கலவை கடல் உயிர்களை அவ்வளவு கெடுத்ததால்தான் 2008-இல் உலக அளவில் தடை வந்தது. அந்த டப்பாவைத் தொடாதீர்கள். மேல்பக்கத்துக்கு அடித்து மிஞ்சுகிற எனாமல் தடைக்காலத்தில் யார்டில் எவ்வளவோ காய்ந்து வீணாகிறது, கேட்டால் கொடுப்பார்கள். திறந்த வெளியில் வைத்து வரையுங்கள். சாம்பலுக்கும் கறுப்புக்கும் விளக்குக்கரியும் வேலம்பிசினுமே போதும்.

அம்மா கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. படம் போட்டால் கடல் சுத்தமாகாது. அம்மா சொல்வது சரி. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர்க் கரையில் பக்கெட்டால் அள்ளினோம். காய்ச்சின வெல்லப்பாகு மாதிரி கனத்துக் கிடந்தது. நகக்கண்ணில் ஏறினது எனக்கு ஒரு வாரம் போகவில்லை. அன்றைக்குத் தேவைப்பட்டது கைகள்தான். பிரஷ்ஷுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் என் பாட்டி ஒன்று சொல்வார். ராயபுரத்தில் அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் பெரிய வலையை முழுசாக விரித்து உலர்த்துகிற அளவு மணல் இருந்ததாம். இப்போது அங்கே கருங்கல். நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. மெரினா அப்படி அகன்றது, வடக்கே எங்கள் கரை கரைந்தது. இன்றைக்கு நீங்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால் கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவும்தான் கரை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் சென்னைக் கோட்டையையும் அதன் முன்னால் புரண்ட அலையையும் வரைந்துவிட்டுப் போனார்கள். என் பாட்டி வலை உலர்த்தின மணலின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அது எவ்வளவு அகலம், என்ன நிறம் என்று கேட்டால் என்னால் கையைத்தான் விரித்துக் காட்ட முடிகிறது. இப்படி ஒரு கரை இருந்தது என்று அதிகாரிகளிடம் பேசப்போன பெரியவர்கள் பலபேர் இப்படித்தான் கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் தம்பி.

பயணம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் இந்த ஒரு வருடத்துக்குக் காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்ணாவூர், எண்ணூர் முகத்துவாரம், காட்டுப்பள்ளி, ஏரி. பஸ்ஸிலேயே ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஒரே இடத்தில் வாடைக்காற்று அடிக்கும்போது ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை, புயல் வடிந்த மறுநாள் ஒரு தடவை உட்காருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகும் வலையும் கறுத்து, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் பிசுபிசுத்து நின்றதே, அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா? இருந்திருந்தால் நினைவிலிருந்தே வரையுங்கள். வாலிஸும் நினைவிலிருந்து வரைந்தவர்தான்.

பழவேற்காட்டில் ஏரிக்காரர்களோடு உட்கார்ந்து ‘பாடு’ என்றால் என்ன என்று கேளுங்கள். எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்து, இடத்தை மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்கிற ஏற்பாடு. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடாது. நீங்கள் கடிதத்தில் கடலைக் காப்பாற்றுவது என்று எழுதியதற்கு எங்கள் பக்கம் பழைய சொல் ஒன்று வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். சாயங்காலம் பாடு முடிந்து திரும்புகிற தோணியை வரைந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

விற்ற காசில் பங்கு கொடுக்கிற எண்ணம் நல்ல எண்ணம். படகு கரைக்கு வந்ததும் பங்கு பிரித்த பிறகுதான் அவரவர் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அதனால் கேட்கிறேன், பறியைக் கடித்துக்கொண்டு நிற்கிறாரே அவர், படத்தைப் பார்த்தாரா? காட்டவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பிளைவுட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். அப்புறம் அதன் பின்பக்கத்தில் தேதி, இடம், அன்றைக்கு அடித்த காற்று, அவர் கையில் கிடைத்த இறால் எவ்வளவு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். தேதி மறந்திருந்தால் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா