ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த அளவு டயர், எவ்வளவு காற்று?

கேள்வி: கைமாறி வந்த போர்ஷே 718 கேமன் ஒன்றை வாங்கி மதுரையில் ஓட்டுகிறேன். 18 அங்குலச் சக்கரம். முன்னால் 235/45, பின்னால் 265/45 டயர். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் முன்பக்கம் சொன்னபடி திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. நான்கு சக்கரத்துக்கும் 265 டயரே போட்டுவிடலாம் என்கிறார் டயர் கடைக்காரர். நண்பரோ 20 அங்குலத்துக்கு மாறச் சொல்கிறார். காற்றழுத்தம் நான்கிலும் 38 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். எதைச் செய்வது?

பதில்: நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்த 38-இல் இருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் வண்டியின் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் எடையின் பெரும்பங்கு பின் சக்கரங்களின் மேல் விழுகிறது. முன் சக்கரங்கள் சுமப்பது குறைவு. சுமை குறைந்த டயரில் தேவைக்கு மேல் காற்று அடைத்தால் அதன் நடுப்பகுதி மட்டும் புடைத்துத் தரையைத் தொடும், இரு ஓரங்களும் வேலை செய்யாமல் நிற்கும். வளைவில் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது முன் டயரின் வெளி ஓரம் என்பதால், அது தரையில் முழுதாகப் பதியாதபோது நீங்கள் சொல்லும் அதே கோளாறு, அதாவது அண்டர்ஸ்டியர், வரத்தான் செய்யும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். முன் டயரின் பட்டன்களுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளுக்குக் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம்வரை, சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டு, தெருவில் நேராகக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்து ஓரங்களில் அப்படியே இருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடுவில் மிஞ்சினால் காற்று குறைவு. சரியான அளவு எது என்பதைக் கடையில் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக, சக்கர அளவு வாரியாக எழுதியிருக்கும். பட்டியலில் உங்கள் 18 அங்குலத்துக்கான வரியைப் பாருங்கள்.

அந்த அளவு, குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றபின் காலையில் அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் டயருக்குள் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். சித்திரை வெயிலில், சூடான தார்ச் சாலையில் ஓடி வந்த டயர் நாலைந்து கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அளவு குறைந்திருக்கும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்று நம் ஊரில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நடப்பது நேர்மாறானது: காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து, அந்த உழைப்பாலேயே சூடேறி, நான்குவழிச் சாலை வேகத்தில் கிழியும்.

கொடைக்கானலுக்கு என்று தனி அளவு வேண்டுமா என்பது பலர் கேட்பது. மேலே குளிர் என்பதால் காற்று இறங்கும் என்பது உண்மை. மதுரையின் காலை நேரத்தோடு ஒப்பிட்டால் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடுவதால் அளவுமானி கிட்டத்தட்ட பழைய எண்ணையே காட்டும். ஆகவே கீழே சரியாக வைத்ததை மேலே போய்த் தொட வேண்டாம்.

இனி, நான்கிலும் 265 என்ற யோசனை. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. உங்கள் 18 அங்குலச் சக்கரத்தில் 235/45 டயரின் மொத்த உயரம் சுமார் 669 மில்லிமீட்டர். 265/45 சுமார் 696. முன்னால் 27 மில்லிமீட்டர் உயர்ந்த டயரைப் போட்டால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள் மட்கார்டில் உரசக்கூடும். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டே முடிவெடுக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), வழுக்கல் தடுப்பு ஆகியவற்றின் கணக்கும் பிசகும். அதைவிட முக்கியமானது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிடிமானத்தின் விகிதம். அகலமான டயர் தரையைத் தொடும் பரப்பை அதிகம் கூட்டுவதில்லை. அந்தப் பரப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை சுமையும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது பரப்பு குறுக்கே நீண்டு நெடுக்கே குறுகுகிறது, அதனால் வளைவில் பக்கவாட்டு விசையை டயர் நன்றாகத் தாங்குகிறது. முன்பக்கம் இப்படி வலுத்து, பின்பக்கம் பழையபடியே இருந்தால் அடுத்து வழுக்கப்போவது பின்பக்கம். மலைப்பாதையில் முன்பக்கம் தள்ளினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துச் சமாளிக்கலாம். எஞ்சின் எடையோடு பின்பக்கம் சுழன்றால், அதைத் திருத்தப் பந்தயத் தடத்தில் பழகிய கை வேண்டும்.

20 அங்குலம் தவறான யோசனை அன்று. 235/35, 265/35 என்ற அளவில் தயாரிப்பாளரே இந்த வண்டிக்குத் தருகிறார், மொத்த உயரமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் முன் டயரின் பக்கச்சுவர் 106 மில்லிமீட்டரிலிருந்து 82-ஆகக் குறைகிறது. ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் வண்டி பதில் சொல்லும். கூடவே, மேம்பால இணைப்புகளில் ஒவ்வொன்றும் இடுப்பில் தெரியும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும் அபாயமும் கூடும். பெரிய ரிம் பொதுவாகக் கனமானது என்பதால், கரடுமுரடான சாலையில் டயர் தரையைவிட்டுத் துள்ளுவதும் அதிகமாகும். மதுரையைச் சுற்றி ஓட்டுபவருக்கு 18 அங்குலமே மேல் என்பது என் கருத்து. நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான்.

மழைக்காலத்தில் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. அழுத்தம் குறையக் குறைய, தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும் என்பதால் அது ஆபத்து. 265 போன்ற அகல டயருக்கு இது இன்னும் பொருந்தும்.

காற்றைச் சரிசெய்த பிறகும் முன்பக்கம் தள்ளினால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் புதிது போல இருந்தாலும், ஆறு வருடம் கடந்த ரப்பர் நம் வெயிலில் இறுகியிருக்கும். இறுகிய டயரைக் காற்றை வைத்துச் சரிசெய்ய முடியாது. டயர் புதியதாகவே இருந்தால் வீல் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சோதியுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் இப்போதுள்ள அளவையே, அதே சுமைக் குறியீட்டோடும் வேகக் குறியீட்டோடும், பக்கச்சுவரில் போர்ஷேயின் ஒப்புதலைக் காட்டும் என்0, என்1 போன்ற குறி இருக்கிறதா என்று பார்த்து, நான்கையும் ஒரே வகையில் வாங்குங்கள். புது டயருக்கு முழுப் பிடிமானம் வர 200, 300 கிலோமீட்டராவது ஓட வேண்டும். அதுவரை திண்டுக்கல் சாலையில் நிதானமாக ஓட்டிவிட்டு, அதன்பின் மலை ஏறுங்கள்.